உடையைத் தேர்ந்தெடுத்தது யார்?

(திருப்பூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு படப்பிடிப்பில் ஸ்டைலிஸ்ட் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்த அவையில் பாதிப் பேர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருப்பவர்கள். மீதிப் பேர் அதற்குப் பில் கட்டுபவர்கள். எந்த உடை, யார் உடம்பில், எந்த மடிப்போடு, எந்தச் செருப்போடு என்று முடிவு செய்பவர் ஸ்டைலிஸ்ட். எந்த இடம், எந்தச் சுவர், எவ்வளவு வெளிச்சம், சட்டகத்துக்குள் எது, வெளியே எது, அடியில் என்ன எழுத்து என்று முடிவு செய்பவர் கலை இயக்குநர். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவதற்கு முன்பே படத்தின் பாதி இவர்களால் முடிந்துபோகிறது.

இந்த வேலையைக் கொண்டு சாதியை, நிறத்தை, பெண் உழைப்பை, மொழியை, ஆற்றின் மாசைப் பேச முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சமூகப் பிரச்சினை என்று நாம் எதைச் சொன்னாலும், அதைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சிலர் முடிவெடுக்கிறார்கள், பலர் அந்த முடிவை உடுத்திக்கொள்கிறார்கள். ஸ்டைலிங்கும் முடிவெடுக்கும் கலைதான். எனவே அது சமூகத்தைப் பற்றிப் பேச வந்தால், தன்னைப் பற்றிய ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பவர் உடுத்தியிருப்பதைத் தேர்ந்தெடுத்தது யார்? இந்த ஒரு கேள்வியோடு சில படங்களை இன்று பார்க்கலாம்.

1. பத்திரிகைகளுக்கு முன்பே

ஃபேஷன் பத்திரிகைகள் நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே உடை அரசியலாகத்தான் இருந்தது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதை அழைக்கிறோம். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேலாடை அணியலாம் என்று அது அனுமதித்தது. கூடவே ஒரு வரம்பும் இருந்தது: உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல மட்டும் அணியக் கூடாது.

ஃபேஷன் மாணவர்கள் இந்த வரம்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். துணியை அரசு கொடுத்துவிட்டது. உடுத்தும் பாணியைக் கொடுக்க மறுத்தது. மானத்தை மறைப்பது மட்டுமே விஷயமாக இருந்திருந்தால், எப்படி மறைத்தால் என்ன? முந்தானையைத் தோளில் எப்படிப் போடுவது என்பதில்தான் சாதியின் எல்லைக்கோடு ஓடியது. ஸ்டைலிங் என்பது மேல்பூச்சு, உள்ளடக்கம் வேறு என்று சொல்கிறவர்களுக்கு இந்த அறிவிப்பு ஒன்றே போதுமான மறுப்பு.

அடுத்து 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்குக் காசு ஏது என்று மக்கள் சொன்ன பதில் அவரை உறுத்தியிருந்தது. அவ்வளவு துணி வாங்க முடியாவிட்டால் இவ்வளவு போதும் என்று தன் உடம்பிலேயே காட்டினார். அக்டோபர் இறுதிவரையாவது இப்படி இருக்கப்போகிறேன் என்றுதான் முதலில் அறிவித்தார். பிறகு அதுவே ஆயுள் முழுவதற்கும் ஆனது. உலகம் முழுவதும் அடையாளம் காணும் ஒரு தோற்றத்தை ஒரே மனிதர் தானே வடிவமைத்து, தானே உடுத்தி, காரணத்தையும் தானே எழுதினார்.

அந்தக் கதர் இயக்கத்தில் இந்தத் திருப்பூர் பெரிய கேந்திரம். பனியன் இங்கே வேரூன்றுவதற்கு முன்பே கதருக்குப் பேர்போன ஊர் இது. 1932 ஜனவரியில் இதே ஊர் வீதியில் கொடியோடு அடிபட்டு இறந்த குமரன், சென்னிமலை நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. கதரும் கொடியுமாக நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்த உருவத்தில், நெய்பவரும் உடுத்துபவரும் ஒரே ஆள்.

அம்பேத்கரின் கோட் காந்தியின் இடுப்புத் துணிக்கு எதிர்த்திசை. எதையும் உடுத்த விடாமல் வைக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் உடம்பைக் குறைத்துக் காட்டுவதில் பொருளில்லை. நிறைத்துக் காட்டுவதுதான் அறிக்கை. இந்த இரண்டு உடைகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் வேலையைத் தமிழில் ஒரு வணிகப் படம் செய்தது. 2016-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘கபாலி’யில், மலேசியத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த நாயகன் ஏன் கோட்-சூட்டில் வருகிறான் என்பதற்குக் காந்தியையும் அம்பேத்கரையும் வைத்தே விளக்கம் சொல்லப்படுகிறது. ரஜினிகாந்தின் உடை அந்தப் படத்தின் கதைக்குள்ளேயே ஒரு வாதமாக இருக்கிறது.

காந்தி களைந்தார், அம்பேத்கர் அணிந்தார், நாடார் பெண்கள் கேட்டுப் பெற்றார்கள். மூன்று இடத்திலும் உடையைத் தேர்ந்தெடுத்தவர் அதை உடுத்தியவரே. அதனால்தான் அவை இன்றும் பேசுகின்றன.

2. வேட்டிக்கு ஒரு சட்டம்

நம் காலத்துக்கு வருவோம். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு அழைக்கப்பட்டுச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே அனுமதிக்கப்படவில்லை. சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. மீறினால் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓர் உடைக்காக இவ்வளவு வேகமாக வேறெந்தச் சட்டம் வந்தது என்று எனக்கு நினைவில்லை.

இந்த வேட்டிக்கு மரியாதை தேடித்தரும் வேலையைச் சட்டத்துக்கு முன்பே தொடங்கியது திருப்பூர் விளம்பரம்தான். 1983-இல் கே.ஆர். நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் நடந்து வருகிறார். எதிரே வருபவர்கள் சல்யூட் அடிக்கிறார்கள். கலை இயக்கத்தின் எளிமைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உடை ஒன்று, நிறம் ஒன்று, சைகை ஒன்று. வேட்டி கட்டியவன் பட்டிக்காட்டான் என்ற பார்வையை வாதம் எதுவும் செய்யாமலே அது திருப்பிப் போட்டது.

ஆனால் அந்தச் சட்டகத்தில் சல்யூட் உடுத்தியவருக்குத்தான் போகிறது. விளம்பரத்தின் வேலை அதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. நெய்தவருக்கும் ஒரு சல்யூட் உண்டா என்று கேட்டவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். உ. சகாயம் கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை இணைத்து விற்கும் முறை வந்தது. கடையில் சேலையைப் பிரிக்கும் பெண், விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு முகத்தைப் பார்க்கிறார். அட்டையின் அளவு உள்ளங்கை இருக்கும். அதில் பெரிய ஒப்பனை ஏதும் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை, தமிழ்நாட்டு ஜவுளி விற்பனையில் நடந்த மிகத் துணிச்சலான கலை இயக்கம் அந்த அட்டைதான். சேலையை ஒருவர் நெய்வது போலப் பனியனை ஒரே ஆள் செய்வதில்லை. நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பத்து கை மாறுகிறது. அதனால் நம் தொழிலில் அந்த அட்டையைப் போடுவது சிரமம். சிரமமே தவிர, முடியாத காரியம் ஆகிவிடாது.

3. இத்தாலியிலிருந்து ஒரு பாடம்

திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றை எழுதுபவர்கள் 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து தொடங்குவார்கள். ஃபேஷன் விளம்பரத்தில் சமூகப் பிரச்சினை என்ற கதையும் இத்தாலியில்தான் சூடுபிடிக்கிறது, அதுவும் நம்மைப் போன்ற ஒரு பின்னலாடைக் கம்பெனியில். 1965-இல் தொடங்கிய பெனட்டன், நிறம் போடாமல் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு, சந்தை கேட்கும் நிறத்தில் பிறகு சாயம் ஏற்றும் முறையால் பேர் வாங்கிய நிறுவனம்.

அதன் புகைப்படக் கலைஞரும் கலை இயக்குநருமான ஒலிவியெரோ டோஸ்கானி, 1982 முதல் 2000 வரை அங்கே இருந்தவர், விளம்பரத்திலிருந்து ஸ்வெட்டரையே எடுத்துவிட்டார். 1992-இல் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருக்கும் டேவிட் கிர்பி என்ற இளைஞரும் அவரைத் தாங்கி அழும் தந்தையும் இருக்கும் படம், தெரீஸ் ஃப்ரேர் எடுத்தது, விளம்பரப் பலகை ஆனது. 1994-இல் போஸ்னியப் போரில் இறந்த ஒரு வீரரின் ரத்தம் தோய்ந்த டி-ஷர்ட்டும் பேன்ட்டும் மட்டும் வெள்ளைப் பின்னணியில் வந்தன. ஓரத்தில் பச்சை நிறத்தில் கம்பெனி பெயர். ஜெர்மனியில் இந்த விளம்பரங்களில் சிலவற்றுக்குத் தடை வந்து, 2000 டிசம்பரில் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லி அந்தத் தடையை நீக்கியது.

துக்கத்தை விற்கிறார்கள் என்று அப்போதே பலர் திட்டினார்கள். நான் அவ்வளவு வேகமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கிர்பியின் குடும்பம் சம்மதித்துத்தான் அந்தப் படம் வந்தது. நிறுவனம் எங்களைப் பயன்படுத்தவில்லை, நாங்கள்தான் அதைப் பயன்படுத்துகிறோம் என்ற பொருளில் அவர் தந்தையே பேசினார். எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே உலகம் அஞ்சிய நாள்களில், மகனைக் கட்டிப்பிடித்த தன் உருவத்தை உலகம் பார்க்கட்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தார். தேர்வு யாருடையது என்ற நம் கேள்விக்கு அங்கே நேர்மையான பதில் இருக்கிறது.

பெனட்டன் பதில் சொல்ல முடியாமல் நின்றது வேறோர் இடத்தில். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தையல் தொழிலாளர்கள். இடிபாட்டில் பெனட்டன் துணிகளும் கிடந்தன. முதலில் தொடர்பில்லை என்று சொன்ன நிறுவனம், பிறகு அங்கிருந்த ஒரு தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்ததை ஒப்புக்கொண்டது; 2015-இல் இழப்பீட்டு நிதிக்கு 11 லட்சம் டாலர் கொடுத்தது. போர், நோய், இனவெறி, மரண தண்டனை என்று உலகின் எல்லா வலியையும் பலகையில் ஏற்றிய ஒரு நிறுவனத்தின் சட்டகத்துக்குள், அதன் சொந்தச் சட்டையைத் தைத்தவர் ஒருநாளும் வரவில்லை. சமூகப் பிரச்சினை எப்போதும் வேறெங்கோ இருந்தது.

ரானா பிளாசாவுக்குப் பிறகு கேரி சோமர்ஸும் ஒர்சோலா டி காஸ்ட்ரோவும் பிரிட்டனில் தொடங்கிய ‘ஃபேஷன் ரெவல்யூஷன்’ இயக்கம், 2014-இல் முதல் நினைவு நாளன்று ஓர் எளிய ஸ்டைலிங்கைச் சொன்னது: சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், இதைச் செய்தது யார் என்று கம்பெனியைக் கேளுங்கள். டெய்லர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஓவர்லாக் அடித்த ஓரம், ஃப்ளாட்லாக் தையல், வாஷ்கேர் லேபிள், வெட்டாமல் விட்ட பிசிறு என்று அவர்கள் நாள் முழுவதும் பார்ப்பது அந்த உள்பக்கத்தைத்தான். வாங்குபவர் பார்க்காத பக்கத்தை வீதிக்குக் கொண்டுவர ஒரு பைசா செலவில்லை. நல்ல கலை இயக்கத்துக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை என்பதற்கு இது சாட்சி.

4. தானே சட்டகத்துக்குள் போவது

இந்தியாவில் இந்தக் கலையை வெகு கூர்மையாகக் கையாண்டவர் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் ந. புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். ரவிவர்மாவின் லட்சுமி, சினிமா ஸ்டில்லில் வரும் நாயகி, திருட்டு வழக்கில் பிடிபட்டுச் செய்தித்தாளில் வந்த பெண், மானிடவியலார் அளந்த தோடர் பெண் என்று நமக்குப் பழகிப்போன பிம்பங்களைத் திரைச்சீலை, நகை, ஒப்பனை எல்லாம் சேர்த்து அப்படியே மறுபடி கட்டினார். எல்லாப் படத்திலும் நடுவில் நிற்பவர் அவரே.

அதில் தோடர் பெண்ணின் படம் ஜவுளி ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாகப் புரியும். 1869-இல் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர், மனித உடம்பை அளப்பதற்கு ஒரு சட்டகம் செய்தார். மரச் சட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் பட்டு நூலைக் கட்டி, அதன் முன் ஆளை நிறுத்திப் படமெடுப்பது. உடையைக் களைந்து நூல் கட்டத்தின் முன் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. புஷ்பமாலா அந்தக் கட்டத்தின் முன் தானே போய் நிற்கிறார். முன்பு பார்க்கப்பட்டவள் இப்போது படத்தை இயக்குபவள். பார்ப்பவருக்கு உடனே உறைக்கிறது: லட்சுமியும் திருட்டு வழக்குப் பெண்ணும் இதே அளவுக்கு யாரோ செய்த அலங்காரங்கள்தானே?

நம் சென்னையில் 2017 டிசம்பரில் புகைப்படக் கலைஞர் நரேஷ் நிலும் இயக்குநர் பரத்வாஜ் சுந்தரும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்றொரு தொடர் வெளியிட்டார்கள். லட்சுமி, சரசுவதி, சீதை, முருகன் எல்லோரும் கரிய நிறத்தில். காலண்டர் படத்தின் நகையையும் ஒளிவட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, தோலின் நிறத்தை மட்டும் மாற்றினார்கள். நம் ஊர் மாடல் தேர்வுக்கும் இது பொருந்தும். பையருக்கு அனுப்பும் கேட்லாக்கை விடுங்கள். பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் விற்கும் உள்ளாடைப் பெட்டியில் அச்சாகும் முகமும் இந்த மண்ணின் நிறத்தில் இருப்பது அபூர்வம். அதைத் தேர்ந்தெடுப்பது யார் என்று தேடினால், பெட்டி அச்சடிப்பவர் கடைக்காரரைக் கை காட்டுவார், கடைக்காரர் வாடிக்கையாளரைக் கை காட்டுவார். யாரும் எடுக்காத முடிவாகவே அது தொடர்கிறது.

5. நெஞ்சில் எழுதிய வாசகம்

திருப்பூர் செய்யும் பொருளே ஒரு விளம்பரப் பலகை. 1984-இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட், அணு ஏவுகணைக்கு எதிரான வாசகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த டி-ஷர்ட்டோடு போய்ப் பிரதமர் மார்கரெட் தாட்சரோடு கைகுலுக்கினார். அந்தப் படம் உலகைச் சுற்றியது. அன்றிலிருந்து வாசக டி-ஷர்ட் அரசியலின் ஒரு வடிவம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2020 செப்டம்பர். ‘இந்தி தெரியாது போடா’, ‘ஐ ஆம் எ தமிழ் பேசும் இண்டியன்’ என்ற டி-ஷர்ட்டுகளை யுவன் சங்கர் ராஜா உள்ளிட்ட திரைக்கலைஞர்கள் அணிந்து படம் போட, சமூக வலைத்தளம் முழுக்க அதே பேச்சு. கொரோனாவால் முடங்கிக்கிடந்த திருப்பூரில் சில யூனிட்டுகளுக்கு அந்த டி-ஷர்ட் ஆர்டர்கள் வந்து குவிந்தன. மொழித் திணிப்புக்கு எதிரான அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் ஒரு கலை இயக்குநராக அந்தப் படங்களைப் பார்க்கும்போது, சட்டகத்துக்கு வெளியே யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இந்த ஊரின் மெஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்தி பேசுபவர்கள். தில்லியின் அதிகாரத்தை நோக்கி எழுதிய வாசகம், பக்கத்து மெஷின்காரரின் காதில் எப்படி விழும்?

கேள்வி வெறும் கற்பனை இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. எங்கோ எப்போதோ நடந்தவற்றை வெட்டி ஒட்டி, தலைப்பு மாற்றி அனுப்பினார்கள். காவல்துறை இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பீகாரிலிருந்து அரசுக் குழு வந்து பார்த்தது. அதற்குள் ரயில் நிலையத்தில் மூட்டையோடு கூட்டம். ஒரு படத்துக்குத் தவறான தலைப்பு வைப்பதும் கலை இயக்கம்தான், தீயவர் கையில். இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து யோசித்து, இரண்டு எழுத்திலும் அச்சடித்த ஒரு சட்டையைத் திருப்பூர் மாணவர்கள் செய்தால், அது இந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய அரசியல் உடையாக இருக்கும்.

6. யாரும் வடிவமைக்காத உடை

இந்தக் கொங்கு நாட்டில், ஏன் தமிழ்நாடு முழுவதிலும், சேலைக்கு மேல் ஆணின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும் பெண்களைப் பார்க்கிறோம். களை எடுக்கும் இடத்தில், நூறு நாள் வேலையில், கட்டட வேலையில், மில்லில். எந்த ஸ்டைலிஸ்ட்டும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயில், தூசி, முள், பஞ்சு, கூடவே பார்வை, எல்லாவற்றிலிருந்தும் ஒரே சட்டை காக்கிறது. கணவனோ மகனோ போட்டுக் கழித்த சட்டை, செலவில்லை. வேலை முடிந்ததும் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் பஸ்ஸில் மறுபடி சேலைக்காரி.

மேல்நாட்டு ஃபேஷன் பத்திரிகை இதைக் கண்டால் நாளைக்கே ஒரு மாடலுக்குப் பட்டுச் சேலை மேல் சட்டையைப் போட்டு வயலில் நிறுத்திவிடும். படம் அழகாகவும் இருக்கும். அந்த உடையின் அறிவு முழுவதும் அதிலிருந்து ஆவியாகியிருக்கும், ஏனென்றால் அந்த மாடல் வெயிலிலிருந்து எதையும் காக்கவில்லை. அதே உடையைப் பற்றி அந்தப் பெண்களையே இயக்குநர்களாக வைத்து ஒரு தொடர் செய்தால், எந்தத் துணி வியர்வையை இழுக்கும், கையை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், எந்த நிறம் அழுக்கைக் காட்டாது என்று ஒரு வடிவமைப்புப் பாடமே கிடைக்கும்.

இதற்கு நேரெதிரான பிம்பமும் இதே வட்டாரத்தில் உண்டு. நூற்பாலைகளுக்குக் கிராமத்துப் பெண்களைச் சேர்க்க ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்று பெயர் வைத்துத் துண்டறிக்கைகள் வந்த காலம் நமக்கு நினைவிருக்கும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். 2011-லும் 2014-லும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட அறிக்கைகள் உலகக் கம்பெனிகளை இதற்குப் பதில் சொல்ல வைத்தன. அந்தப் பெயர்களை இன்று கலை இயக்கமாகப் பாருங்கள். பதினாறு வயதுப் பெண் பார்க்க வேண்டியது மெஷினை இல்லை, தாலியை. கணக்குப் போட வேண்டியது சம்பளத்தை இல்லை, சீரை. கல்யாணப் பெண்ணின் அலங்காரத்தை வைத்துத் தொழிலாளியை மறைத்தார்கள். அந்த அலங்காரத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுடைய வறுமைக்கு ஏற்ற அளவில் யாரோ வெட்டித் தைத்தார்கள்.

7. படம் செய்ய முடியாதவை

இந்தக் கலையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்றில் பொங்கும் வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு மாடலை நிறுத்தினால் மயக்கும் படம் கிடைக்கும். சிவப்பாக ஓடும் வாய்க்காலும் அப்படியே. ஆனால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலத்தைக் கெடுத்ததில் பெரும் பங்கு நிறத்துக்கு இல்லை, உப்புக்கு. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும்; அடர் நிறத்துக்குக் கூடுதல் உப்பு. அந்த உப்பு தண்ணீரில் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கும், கழிவுநீரை வெளியே விடாத முறை இங்கே வந்ததற்கும் காரணம் அழகான படங்கள் இல்லை. விவசாயிகள் வருடக்கணக்கில் நடத்திய வழக்கு. தமிழில் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலை எழுதியது அதற்கெல்லாம் முன்பே.

இங்கே ஸ்டைலிஸ்ட்டின் பொறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. மூட் போர்டில் கருநீலத்தை ஒட்டுபவர் அவர். அந்த நிறம் லேப் டிப் என்ற மாதிரிச் சாயமாகி, பையர் திருப்தியடையாமல் திருப்பி அனுப்பி, மறுபடி சாயம் ஏறும்போது தண்ணீரும் உப்பும் இன்னொரு முறை செலவாகின்றன. மாசைப் பற்றிப் படமெடுக்கும் ஸ்டைலிஸ்ட், தன் அடுத்த சீசனின் நிறப் பட்டியலையும் அந்தப் படத்தோடு சேர்த்துத் தொங்கவிட வேண்டும்.

இன்னொரு உதாரணம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தை யாரும் கருப்பு வெள்ளைப் படத்தொடராக்கவில்லை, நல்லது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் பேச்சுவார்த்தை நடத்தி, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எச் அண்ட் எம் முதலிய வாங்கும் நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்பட்டன. படம் ஒரு பிரச்சினைக்குக் கூட்டம் சேர்க்கலாம். சேர்ந்த கூட்டம் எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதைப் படம் சொல்லாது.

8. செய்முறை

மாணவர்களுக்கு இனி நேரடியாக. இந்த ஊரில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பின்னலாடை வடிவமைப்புக் கல்வி நடக்கிறது. இறுதியாண்டுத் தொகுப்புக்குச் சமூகக் கருப்பொருள் எடுப்பவர்கள் வருடந்தோறும் கூடுகிறார்கள். எடுங்கள். எடுக்கும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, சம்மதத்தைக் கம்பெனிக்குள் கேட்காதீர்கள். முதலாளியும் சூப்பர்வைசரும் நிற்கும் இடத்தில் ஒரு டெய்லரம்மாவால் முடியாது என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது போய்க் கேளுங்கள். அங்கே வேண்டாம் என்று சொல்வது அவருக்கு எளிது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் வாங்கிய சம்மதம்தான் சம்மதம்.

இரண்டு, உடையை அவரிடமே விட்டுவிடுங்கள். கிழிந்த சேலையில் நிற்கச் சொல்லாதீர்கள். நம் படங்களில் வறுமையை எப்போதும் பழுப்பு நிறத்தில் காட்டிப் பழகிவிட்டோம். படமெடுக்கிறார்கள் என்றால் அவர் தீபாவளிச் சேலையை எடுப்பார், பவுடர் பூசுவார், பிள்ளைக்குத் தலை வாருவார். உங்கள் கருப்பொருளுக்கு அது இடைஞ்சலாகத் தோன்றும். அந்த இடைஞ்சலை மதியுங்கள். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மூன்று, பெயர்ப் பட்டியல். படத்தின் கீழே புகைப்படம் இன்னார், ஸ்டைலிங் இன்னார், ஒப்பனை இன்னார் என்று போடுகிறோம். அந்தப் பட்டியலில் அவர் விரும்பினால் அவர் பெயரும், ஒரு நாள் வேலைக்கு மாடலுக்குக் கொடுப்பதே அவருக்கும் கொடுத்த கணக்கும் இருக்கட்டும். தொழில்முறை மாடலுக்குக் காசு, தொழிலாளிக்கு நன்றி என்பது நாம் கண்டிக்க வந்த ஏற்பாட்டையே ஸ்டுடியோவுக்குள் மறுபடி செய்வது.

ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் விதித்த 50 சதவீத வரியின் அடியை வாங்கியவர்கள் நீங்கள். விலையில் மட்டும் போட்டி போட்டால் அடுத்த நாடு ஒன்று எப்போதும் மலிவாக இருக்கும் என்பதை அந்த வருடம் உங்களுக்குச் சொல்லியிருக்கும். சொந்த பிராண்டு வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். பிராண்டு என்பது ஒரு கதை. திருப்பூரிடம் இருக்கும் கதை அதைச் செய்பவர்களுடையது. அந்தக் கதையைச் சொல்லத் துணியும் கம்பெனி, முதலில் அதன் உள்பக்கத் தையலைப் பார்க்க விட வேண்டியிருக்கும்.

முடிவாக. தேர்தலுக்கு, பண்டிகைக்கு, ஏற்றுமதிக் கண்காட்சிக்கு என்று அழகான படங்கள் ஆயிரம் தேவைப்படுகின்றன; அவற்றைச் செய்வது கௌரவமான தொழில், நானும் செய்து பிழைத்தவன்தான். நான் கேட்பதெல்லாம் பெயர் மாறாட்டம் வேண்டாம் என்பதுதான். படத்தில் நிற்பவர் தன் உடையைத் தேர்ந்தெடுத்திருந்தால், மறுக்கும் உரிமையோடு சம்மதித்திருந்தால், பட்டியலில் பெயரும் கையில் கூலியும் பெற்றிருந்தால் அதைச் சமூகக் கலை என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அது விளம்பரம். விளம்பரம் என்றே எழுதி, விளம்பரத்துக்குரிய பில்லைப் போடுங்கள்.